ரெண்டாவது சத்தம்

"இன்னும் ரெண்டே வருசத்துல சுவிட்சர்லாந்துக்காரன் சைக்கிள் ஓட்டுறதுக்குன்னே சிவகாசிக்கு வருவான்."

கல்லூரி கேன்டீனில் காளீஸ்வரன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் அப்பாவுக்குக் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ். ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்கும் பனிமலைப் படம் அங்கே அடித்ததுதான். பிறந்ததிலிருந்து மலையைத் தாளில் பார்த்து வளர்ந்தவனுக்கு, நாரணாபுரத்துக்கு மேற்கே தெரியும் மலையும் அப்பா அடித்ததுதான் என்று நினைப்பு.

"மலை இருக்கு. சரளை ரோடு இருக்கு. காரு மட்டும் இல்லாம ஆக்கிட்டம்னா போதும்லே."

"வாரவன் எங்கன தங்குவான்?"

"அது ரெண்டாங்கட்டம்."

பாதையை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தான். புதிதாகக் கல் ஊன்றிய பிளாட்டுகள் முடியும் இடத்தில் ஆரம்பித்து, கண்மாய்க் கரையில் ஏறி, கருவேலங்காட்டுக்குள் இறங்கி, ஒரு பட்டாசு கம்பெனியின் பின்பக்கத்தை ஒட்டிப் போய், அப்புறம் மலையைப் பார்த்தபடி நீளுகிற சரளைப் பாதை. நான் கல்லூரிச் சுவர்ப்பலகையில் கேலி எழுதுகிறவன் என்பதால் அறிவிப்புப் பலகைக்கு வாசகம் என்னிடம் கேட்டான். 'புகையில்லாப் பாதை' என்று எழுதிக் கொடுத்தேன். பட்டாசு கம்பெனிக்குப் பின்னால் அதை நடப்போகிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. "அருமைலே," என்றான்.

அவன் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல் கிடையாது. இல்லாததுக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை. டயர் கொழுத்திருக்கும். அதில் காற்றைக் குறைத்து வைத்தால் சரளையில் மெத்தை மேல் போவது மாதிரி இருக்குமாம். "தரையே தெரியாதுலே," என்பான். ஷூ பெடலோடு டக்கென்று பூட்டிக்கொள்ளும். காலைத் திருகினால்தான் விடும்.

அந்தப் பாதையில் தினமும் போகிற சைக்கிள் ஒன்று உண்டு. என் மச்சான் தங்கப்பாண்டியனுடையது. கேரியரில் என் அக்கா வள்ளித்தாய் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள், மடியில் தூக்குவாளி. எங்களுக்கு நிலம் உண்டு. அது மழையை நம்பிக் கிடக்கிறது. நாங்கள் கம்பெனியை நம்பிக் கிடந்தோம். மச்சானுக்கு அங்கே பெட்டி லோடு ஏற்றுகிற வேலை. அக்காவுக்கு மருந்து அடைக்கிற வேலை, பின்பக்கக் கொட்டகை வரிசையில் கடைசி செட்டில்.

எங்கள் பக்கம் பகலெல்லாம் வெடி கேட்கும். செய்த சரக்கைக் கம்பெனிக்காரர்கள் வெடித்துப் பார்ப்பார்கள். டெஸ்டிங் என்று பெயர். வெளியூர்க்காரர்கள் பதறுவார்கள், நாங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம்.

ஆனால் மச்சான் நிற்பார்.

ஒருநாள் காலையில் காளீஸ்வரனும் நானும் பாதையை ஒத்திகை பார்க்கப் போனோம். முன்னால் மச்சானும் அக்காவும். எங்கோ ஒரு வெடி கேட்டது. மச்சான் பிரேக் பிடித்தார். வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, வெறுங்காலைச் சரளையில் ஊன்றி, தலையைச் சாய்த்து நின்றார். அக்காவும் பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ரெண்டாவது வெடி கேட்டது. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு மிதித்தார்.

காளீஸ்வரன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். "என்னண்ணே, தேசிய கீதத்துக்கு நிக்க மாதிரில்லா நிக்கீக?"

"டெஸ்டிங்னா ஒன்னோட நிறுத்த மாட்டாக தம்பி. ரெண்டு, மூணு போட்டுப் பாப்பாக. ரெண்டாவது வந்தா வேல நடக்குன்னு அர்த்தம்."

"வரலைன்னா?"

"எங்கனயோ ஒரு செட்டு போயிருச்சுன்னு அர்த்தம். தரையே சொல்லிரும், கால வச்சா."

"இப்பிடி ஒவ்வொரு வெடிக்கும் காலு ஊனிக்கிட்டு நின்னா மலைக்கு எப்பண்ணே போய்ச் சேர?"

"ஊனுறதுக்காவது எங்க வீட்டுக்காரருக்குக் காலு இருக்கு," என்றாள் அக்கா. "ஒன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூட இல்ல. போனஸ் வரட்டும், நான் ஒன்னு வாங்கித் தாரேன் தம்பி."

அன்று மத்தியானம் கேன்டீனில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். காளீஸ்வரன் எழுந்து, ஷூவைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்து, தலையைச் சாய்த்து நின்றான். "பொறுங்க, ரெண்டாவது தட்டு விழட்டும்." கேன்டீனே சிரித்தது. நல்லாத்தான் செய்தான், நானும் சிரித்தேன். அப்புறம் கதவு சாத்தினாலும் தும்மினாலும் அதுவே ஆட்டமாகிவிட்டது.

கார் வராமலிருக்கக் கண்மாய்க் கரை ஏறும் இடத்தில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட்டான். ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர், மறுபக்கம் கருவேலம். சைக்கிளும் ஆளும் நுழைய மட்டும் ஓரத்தில் சந்து. பிரஸ் குடோனுக்குப் போடுகிற பூட்டைக் கொண்டுவந்து போட்டான். கம்பெனியில் யாரும் மறுக்கவில்லை. அவர்கள் லோடு முன்வாசல் வழியாகப் போகிறது. மணல் டிராக்டரும் குடிக்க ஒதுங்குகிற பாட்டில்காரர்களும் பின்னால் வராமலிருந்தால் சரி.

கேட்டது அக்கா மட்டும்தான். "ஆத்திர அவசரத்துக்கு வண்டி வரணும்னா?"

"அதுக்கு முன்வாசல் இருக்குல்லக்கா."

"அந்தப் பக்கமே தீப்பிடிச்சா?"

"சாவிக்கு டூப்ளிகேட் போட்டு உங்க போர்மேன் கையில குடுத்துருதேன். தொறப்பு விழா முடியட்டும்."

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி சீசன், அதனால் கம்பெனியில் ஞாயிறும் வேலை. மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது, உடம்போடு ஒட்டின சட்டையும் தலையில் காமிராவுமாக. காளீஸ்வரன் ரிப்பன் வெட்டினான். போனை எல்லாரும் அணைத்துவிட வேண்டும் என்றான். இயற்கையைக் கேட்க வேண்டுமாம். சாவியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகச் சந்துக்குள் நுழைந்தான். எனக்குத் தடுப்புக் குழாய் பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ் டிரம்மோடு வேலை.

அவர்கள் கம்பெனியைத் தாண்டி மலைப்பக்கம் போயிருப்பார்கள். அப்போதுதான் அது கேட்டது.

காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. டிரம்மில் ஜூஸ் வட்டம் வட்டமாக நெளிந்தது. நான் செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தேன். காத்திருந்தேன். கொக்கு ஒன்று கண்மாயிலிருந்து எழும்பியது. இன்னும் காத்திருந்தேன்.

பிறகு ஓடினேன்.

காளீஸ்வரன் என்ன செய்தான் என்பது மதுரைக்காரர் ஒருவரின் காமிராவில் இருக்கிறது. பின்னாளில் எல்லாருடைய போனுக்கும் வந்தது. சத்தம் கேட்டதும் ஒரு பெண், "அய்யோ, என்னங்க அது?" என்கிறாள். காளீஸ்வரன் மிதிப்பதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான்: "டெஸ்டிங்ங்க. எங்க ஊரு வரவேற்பு." எல்லாரும் சிரிக்கிறார்கள். மலை பெரிதாகிக்கொண்டே வருகிறது. வீடியோ நன்றாகத்தான் வந்திருக்கிறது, சுவிட்சர்லாந்து மாதிரி.

கடைசி செட் இருந்த இடத்தில் செட் இல்லை. முன்வாசலுக்கும் அதற்கும் நடுவில் அட்டைப்பெட்டிக் குவியல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கமாக யாரும் வர முடியாது. அக்காவோடு வேலை பார்த்த ரெண்டு பேரைத் தூக்குவதற்கு அவசரம் இருக்கவில்லை. அக்கா வேலி ஓரம் கிடந்தாள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நூத்தியெட்டு சீக்கிரமே வந்தது. அதை மறுக்க முடியாது. வந்து, குழாய்க்கு முன்னால் நின்று, ஹாரன் அடித்தது. அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. காளீஸ்வரன் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, இயற்கையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பூட்டை யாரோ கல்லால் அடிக்கிற சத்தம் விட்டு விட்டு வந்தது. நல்ல பூட்டு. ஸ்ட்ரெச்சரைச் சந்து வழியாகக் கொண்டுவந்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். சரளைக்குள் சக்கரம் புதைந்துவிட்டது.

மச்சான் சைக்கிளை எடுத்துவந்தார்.

தினமும் உட்காருகிற அதே இடத்தில் அக்காவை வைத்தோம். சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் பிடிப்பதற்குக் கை சரியாக இல்லை. மச்சான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினார். நான் என் சட்டையைக் கழற்றி அவள் முதுகில் போட்டு, பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் குதித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வண்டி வந்துருச்சாலே?"

"வந்துருச்சுக்கா. அந்தா, சத்தம் கேக்குல்ல."

"பெறகு ஏன் அங்கனயே நிக்குது?"

நழுவிய சட்டையை அவள் முதுகில் சரிசெய்தேன். மச்சான் திரும்பிப் பார்க்காமல் தள்ளினார்.

காளீஸ்வரன் வந்து சேர்ந்தபோது அக்காவை ஏற்றிக்கொண்டு வண்டி போயிருந்தது. வேர்த்து விறுவிறுத்து வந்து பிரேக் பிடித்தான். ஷூ பெடலை விடவில்லை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்து விழுந்தான். எழுந்து, பையைத் துழாவி, சாவியை எடுத்து, யாரும் கேட்காமலேயே பூட்டைத் திறந்தான். குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். போக அங்கே எதுவும் இல்லை.

காயத்தோடு நடந்து வந்தவர்களையும் ஏற்றியதில் வண்டியில் இடமில்லாமல் மச்சான் கரையிலேயே நின்றிருந்தார். யாரோ மோட்டார் சைக்கிள் எடுத்துவரப் போயிருந்தார்கள்.

"தம்பி, ஒங்களுக்கும் சத்தம் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சுண்ணே."

"ரெண்டாவது?"

காளீஸ்வரன் குழாயைக் கீழே விடாமல் நின்றான். முழங்கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வழிந்தது.

மதுரையில் டாக்டர், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். எம்புட்டு முன்னால என்று மச்சான் கேட்கவில்லை. அக்கா அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பேப்பரில் 'உராய்வு காரணமாக' என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் உராய்வு காரணமாகத்தான் சாகிறார்கள்.

குழாயை ஊர்க்காரர்கள் பிடுங்கிக் கண்மாய்க்குள் எறிந்தார்கள். என் வாசகப் பலகையை மட்டும் யாரும் தொடவில்லை. அடுத்த கேலி எப்போது எழுதுவீர்கள் என்று ஜூனியர்கள் வந்து கேட்டார்கள். சீசன் முடியட்டும் என்றேன்.

சீசன் முடிந்தது. கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மச்சானுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கண்மாய்க் கரை வழியாக நடந்து வந்தேன். முன்னால் காளீஸ்வரன் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. பெடலைச் சாதாரணப் பெடலாக மாற்றியிருந்தான். காலில் ரப்பர் செருப்பு.

தெற்கே எங்கோ ஒரு வெடி கேட்டது.

அவன் பிரேக் பிடித்தான். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. வலது காலைச் செருப்பிலிருந்து உருவி ஈரச் சரளையில் ஊன்றினான். தலையைச் சாய்த்தான். நானும் நடப்பதை நிறுத்தினேன்.

ரெண்டாவது சத்தம் வந்தது.

அவன் உடனே கிளம்பவில்லை. மூன்றாவதும் வந்தபிறகுதான் செருப்புக்குள் காலை நுழைத்தான்.