பென்சிலைப் பிடித்த மூன்றாவது கை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மணிக்கட்டு வலிக்காக ஒரு தெரபி மையத்துக்குப் போயிருந்தபோது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சொன்னாள்: "நான் கைய எடுத்துட்டா பாப்பா எழுதாதுங்க." இன்னொரு பெண் அழுதாள். அவ்வளவுதான் காதில் விழுந்தது. மிச்சமெல்லாம் நானே சேர்த்த சரக்கு.

முதல் தொடக்கம் இப்படி: 'ஆளில்லாத அந்த அறையில் ஊஞ்சல் மட்டும் தானாக ஆடி'

(அடித்துவிட்டேன். பயமுறுத்த நினைக்கிறவன் எவனும் முதலில் ஊஞ்சலைத்தான் தேடுவான். அது குழந்தைகளின் உடல் நிதானத்துக்காகக் கட்டியது, பாவம், அதை விட்டுவிடுவோம்.)

2

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசியவள் குழந்தைகளுக்கான தெரபிஸ்ட். பொத்தான் போடுவது, கரண்டியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது, பென்சில் பிடிப்பது, இவைதாம் அவள் பாடங்கள். நாமெல்லாம் எப்போது கற்றோம் என்றே தெரியாமல் கற்றுக்கொண்டவற்றை, கற்க முடியாமல் திணறும் பிள்ளைகளுக்கு அவள் துண்டு துண்டாக்கிக் கொடுப்பாள்.

அவள் வேலையில் ஒரு முறை உண்டு. முதலில் பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்துச் செய்ய வேண்டும். பழகியதும் மணிக்கட்டை மட்டும் பிடிக்க வேண்டும். பிறகு முழங்கை, பிறகு தோள், கடைசியில் எங்கேயும் தொடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளிடமும் அவள் இந்த வரிசையில் பின்வாங்கினாள், ஒருத்தியிடம் மட்டும் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

அந்த ஒருத்திக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். ஒன்பது வயதாகியும் ஒரு சொல் பேசாதவளுக்குத் தாய்மாமன் கேலியாக வைத்தது, செல்லமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ட, ப, ம என்று புள்ளிகளின் மேல் இழுத்துக்கொண்டிருந்த அவள் கை, ஒரு செவ்வாய்க்கிழமை புள்ளியில்லாத வெள்ளை இடத்துக்கு நகர்ந்து 'அம்மா' என்று எழுதியது. தெரபிஸ்டின் விரல்கள் அவள் மணிக்கட்டில் இருந்தன. அம்மாக்காரி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கையை மேலே நகர்த்த யாருக்கு மனசு வரும்?

3

அடுத்த மாதம் கை எழுதியது: 'அனுப்பாதே.'

இரண்டு வருடம் காத்திருந்து, ஒரு விடுதிப் பள்ளியில் வாயாடிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன் மிஸ்," என்றாள் அம்மாக்காரி. "பொண்ணே வாய் தொறந்து சொன்ன மாதிரி சொல்லிட்டா. இனி யார் சொன்னா என்ன?"

பத்து வயதில் தெரபிஸ்டையும் ஒரு விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்று அவள் சொல்லச் சொல்ல யாரும் கேட்காமல் போன சொல்லும் இந்த 'அனுப்பாதே'தான்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. பல் துலக்கும்போது, கதவைப் பூட்டும்போது, தன் மணிக்கட்டை யாரோ லேசாகப் பிடித்திருப்பதுபோல் அவளுக்கு இருந்தது. கையை உதறிப் பார்த்தாள். அந்தப் பிடி போகவில்லை. அலுப்பாக இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

4

'அனுப்பாதே' யாருடைய சொல் என்று அறிய, புதன்கிழமை தெரபிஸ்ட் ஒரு சோதனை வைத்தாள். வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டு நடுவில் ஓர் அட்டையைப் பிடிக்கச் சொன்னாள். வாயாடிக்குத் தெரிகிற பக்கம் ஒரு படம், தெரபிஸ்டுக்குத் தெரிகிற பக்கம் வேறு படம். எது எழுத்தில் வருகிறதோ, அதைப் பார்த்தவர்தான் எழுதுகிறவர்.

வாயாடி பார்த்தது பந்து, தெரபிஸ்ட் பார்த்தது குடை. கை எழுதியது குடை.

வாயாடிக்குப் பூ, தெரபிஸ்டுக்குச் சாவி. கை எழுதியது சாவி.

ஏமாற்றவேண்டும் என்று தெரபிஸ்ட் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் ஆசை அவளுக்கே தெரியாமல் விரல் வழியாக இறங்கியிருக்கிறது. "இன்னொரு வாட்டி," என்றாள்.

மூன்றாவது அட்டையில் வாயாடிக்கு மீன், தெரபிஸ்டுக்கு நாற்காலி. கை எழுதியது: கத்தரிக்கோல்.

வரவேற்பறைப் பெண் அட்டைக் கட்டைக் கலைத்துத் தேடினாள். "மிஸ், நம்ம கட்டுல கத்தரிக்கோல் படமே இல்லையே."

(இல்லைதான். கத்தரிக்கோல் என் மேசைமேல் இருக்கிறது. நான் நாற்காலி என்று எழுத நினைத்தேன், சத்தியமாக. எழுதி முடித்துப் பார்த்தால் கத்தரிக்கோல். தெரபிஸ்ட் உதறியும் போகாத அந்தப் பிடி யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் விடுதி வாசலில் நின்றது அவளில்லை. நான்.)

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். முதலாவதில் வாயாடி பள்ளிக்குப் போய், அங்கே சந்தோஷமாக. இரண்டாவதில் போகாமல் வீட்டிலேயே, சந்தோஷமாக. இரண்டிலும் சந்தோஷம் என்னுடையது. அவளைக் கேட்டு எழுதியதல்ல. கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் அம்மாக்காரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அனுப்பாதேன்னு எழுதினது பாப்பா இல்லைங்க. என் கை. எனக்கே தெரியாம நடந்துபோச்சு."

அம்மாக்காரி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ அம்மான்னு எழுதினது?"

தெரபிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் நான்தாங்க."

இந்த இடத்தில் அம்மாக்காரியை அழவைக்க வேண்டும் என்று எனக்கு மனசு துடித்தது. அவள் அழவில்லை. வாயாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வாயாடி பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்திருந்தாள். தெரபிஸ்டின் விரல்கள் பழக்கதோஷத்தில் அந்த மணிக்கட்டுக்குப் போயிருந்தன.

"கைய எடுங்க மிஸ்."

"எடுத்துட்டா பாப்பா எழுதாதுங்க."

"எழுத வேணாம். ஒம்பது வருஷமா ஆளாளுக்கு இவளுக்குப் பதிலா பேசிட்டோம். நாளைக்குக் கையெழுத்துப் போடணும்னா, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது இவ என்ன பண்றான்னு நான் பாக்கணும்."

தெரபிஸ்ட் கையை எடுத்தாள். எடுத்தது அவளா, நான் எடுக்க வைத்தேனா என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நானும் எடுக்கிறேன். அவள் போவாள், போகமாட்டாள் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால், அது உங்கள் கை. தயவுசெய்து அதையும் எடுத்துவிடுங்கள்.

அம்மாக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாளின் மேல் பென்சில் நிற்கிறது. வாயாடி அதை இப்போது

(இல்லை. நான் எழுதவில்லை.)

வாயாடியின் கையிலிருந்து பென்சில் இன்னும் விழவில்லை.