ஞானமணி வாயில் ஸ்குரூ வைப்பதை விட்டது

ஞானமணிக்கும் ஆரோக்கியம்மாளுக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் நாள். அது ஞாயிற்றுக்கிழமை. அதிலும் பகல் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை. அந்த அரை மணி நேரம்தான் அவர்கள் மகள் ஷீபாவின் கையில் செல்போன் இருக்கும். மற்ற நாட்களில் வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள். பெங்களூருக்கு அப்பால் ஒரு பயிற்சி மையத்தில் அவள் விமானப்படை மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தார் என்றால் ஆரோக்கியம்மாளுக்கு அவர் மேலேயே கோபம் வந்துவிடும்.

கீரமங்கலத்துக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில் அவர்கள் வீடு. ஞானமணி போர்வெல் மோட்டார் பார்ப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோப்பில் மோட்டார் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். வயசு ஐம்பத்திரண்டு, இடுப்பைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். ஆரோக்கியம்மாள் முல்லைக் கொல்லைகளில் கூலிக்குப் பூ எடுப்பவள். பூ இல்லாத நாளிலும் இப்போதெல்லாம் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளை அங்கே அந்நேரம் எழுந்து ஓடுகிறாள் என்று தெரிந்த பிறகு இங்கே படுத்துக் கிடக்க அவளால் முடியவில்லை. அவள் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். இப்படியே ஒரு வருசம் ஓடிவிட்டது. இரண்டு பேர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

பயிற்சி என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். ஓட்டமெல்லாம் முதல் சில மாதம். அது உடம்போடு போயிற்று. அதற்குப் பிறகு வந்ததுதான் வாட்டி எடுத்தது. எஞ்சின், ஒயரிங், வாரா வாரம் பரீட்சை, எல்லாம் இங்கிலீஷில். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் போன பிள்ளை வகுப்பு தொடங்கிய முதல் மாதம் திணறிப்போனது. ஞாயிற்றுக்கிழமை போனில் அழும். ஆரோக்கியம்மாள் போனைப் பிடித்துக்கொள்ள, ஞானமணி பாடம் சொல்லுவார்.

"அப்பா, மூணு பேஸ் கரண்ட்டுல ஒண்ணு போச்சுன்னா மோட்டார் ஏம்ப்பா உறுமுது?"

"மூணு மாடு இழுக்குற வண்டின்னு வச்சுக்க. ஒண்ணு படுத்துருச்சுன்னா மத்த ரெண்டுக்கும் மூச்சு முட்டுமா இல்லையா? அதான் சூடாவுது, உறுமுது. நம்ம ராமு தோப்புல பாத்தியே, அதே கேசுதான்."

"ஆமாப்பா. இப்பப் புரியுது."

எட்டாவதோடு நின்ற மனுசன். மகள் அந்த வாரப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று கேட்டதும் டீக்கடையில் நாலு பேருக்கு டீ சொன்னார். ஏரோப்ளேனும் நம்ம மோட்டாரும் ஒண்ணுதாம்ப்பா, அது மேல போவுது, இது கீழ கெடக்குது என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்தக் கர்வத்துக்குத்தான் பின்னால் அடி விழுந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷீபா பாடம் எதுவும் கேட்கவில்லை. "எனக்கு ஒரு லெட்டர் வேணும்ப்பா" என்றாள்.

"என்ன லெட்டர்த்தா?"

"எங்க மகளை வீட்டுக்கு அனுப்பிருங்க, எங்களுக்குச் சம்மதம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அது இருந்தா என்னைய விட்டுருவாங்க."

நடந்தது இதுதான். பழகுவதற்கென்று நிறுத்தியிருக்கும் பழைய விமானத்தில் ஒரு தகட்டைக் கழற்றி மாட்டும் வேலை. கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குரூவையும் எண்ணித் தட்டில் வைக்க வேண்டும், மாட்டி முடித்ததும் எண்ணிக் காட்ட வேண்டும். பறக்கிற எந்திரத்துக்குள் ஒரு ஸ்குரூ தவறிக் கிடந்தால் ஆள் செத்துப்போவான் என்பதுதான் அங்கே முதல் நாள் பாடம். ஷீபா ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கழற்றிய ஸ்குரூவை உதட்டில் கவ்விக்கொண்டாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகக் கொண்டுபோயிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் அவள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க, வாயில் இருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பதில் சொன்னாள். அப்புறம் மறந்துபோனாள்.

எண்ணும்போது ஒன்று குறைந்தது. அவளோடு படிக்கிற நாற்பது பேரும் முட்டிபோட்டுத் தரையெல்லாம் தேடினார்கள். மத்தியானச் சாப்பாடு கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோதுதான் பையில் உறுத்தியது. ரகசியமாகத் தரையில் போட்டுவிட்டுக் கண்டெடுத்த மாதிரி காட்டியிருக்கலாம். அவள் நேரே வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். தானே வந்து சொன்னதால் வெளியேற்றவில்லை. அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து இந்த நாலு மாதப் பாடத்தை மறுபடி படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"அத்தன பேரும் சாப்புடாம கெடந்தாங்கம்மா என்னால. யாரும் எங்கிட்டப் பேச மாட்டேங்குறாங்க. திரும்ப மொதல்லேர்ந்து என்னால முடியாது. ரொம்ப அசதியா இருக்கு. லெட்டர் அனுப்புங்க."

ஆரோக்கியம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அதெல்லாம் அனுப்ப முடியாது. நாலு மாசந்தானே? பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. இங்க வந்து என்ன பண்ணப் போற, எங்கூடப் பூ எடுக்கவா?" என்றாள். குரலில் ஈரம் துளிகூட இல்லை. ஞானமணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஸ்குரூவை வாயில் வைப்பது யார் பழக்கம்? தோப்புகளில் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி எப்போதும் எட்டாத உயரத்தில் ஒரு கல்தூணில் மாட்டியிருக்கும். ஒரு கை மூடியைப் பிடிக்கும், ஒரு கை திருப்புளியைப் பிடிக்கும். மூன்றாவது கைக்கு எங்கே போவது? முப்பது வருசமாக ஞானமணிக்கு வாய்தான் மூன்றாவது கை. நட்டு, வாசர், ஸ்குரூ எல்லாம் உதட்டில்தான் வரிசையாக நிற்கும். பத்து வயசிலிருந்து அவரோடு தோப்பு தோப்பாகச் சுற்றிய பிள்ளை அதைப் பார்த்துத்தான் வளர்ந்தது. ஒரு தடவை அவரைப் போலவே நாலு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு நின்றபோது, அசல் மெக்கானிக்குடா என்று அவரே கைதட்டிச் சிரித்திருக்கிறார். நல்லதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று டீ வாங்கிக் கொடுத்தவருக்கு, கெட்டதையும் தான்தான் கொடுத்து அனுப்பினோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பெரியகருப்பன் தோப்பில் வேலை. ஞானமணி பெட்டியைத் திறந்தார். முதல் ஸ்குரூ கழன்றதும் கை வாய்க்குப் போனது. பாதியில் நிறுத்தினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியை எடுத்துப் பெட்டி மேல் வைத்து, அதில் போட்டார். அடுத்ததற்குக் கை எட்டவில்லை. ஸ்டூலில் ஏறினார், இறங்கினார். மூடி சரிந்து எல்லாம் வரப்பில் கொட்டியது. குனிந்து பொறுக்குவதற்குள் இடுப்பு போய்விட்டது. அரை மணி வேலை ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

தோப்புக்காரர் பெரியகருப்பன் இளநீரை நீட்டிக்கொண்டே கேட்டார். "என்னப்பா ஞானம், பல்லு வலியா?"

"இல்லங்க. ஒரு பழக்கத்த விடுறேன்."

"அம்பது வயசுக்கு மேலயா? எல்லாரும் பீடிய விடுவாய்ங்க. நீ ஸ்குரூவ விடுறியாக்கும்!"

ஞானமணிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வயசில் தன்னால் விட முடிந்தால், இருபது வயசுப் பிள்ளையால் முடியாதா என்று அவர் கணக்கு. தன்னால் முடியாவிட்டால் அவளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று சொல்ல எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது? தினமும் அந்த மூடியோடு அலைந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பு இருக்காது. தட்டில் சோறு இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஷீபா ஒரே கேள்விதான் கேட்டாள். "லெட்டர் என்னாச்சு?" மூன்றாவது ஞாயிறு அதையும் கேட்கவில்லை. ம், ம் என்று மட்டும் சொல்லிவிட்டு, நேரம் முடியும் முன்னே போனை வைத்துவிட்டாள்.

அன்று சோற்றைப் பிசைந்தபடியே ஆரோக்கியம்மாள் சொன்னாள். "போய்ப் பாத்துட்டு வந்துருவோங்க. கடுதாசிய எழுதிருங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். நேர்ல பாத்தும் கேட்டாள்னா குடுத்துருவோம். ஆனா நாமளா எடுத்து நீட்டக்கூடாது. நாம நீட்டுனா, ஒன்னால முடியாதுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

ஞானமணி எழுதினார். நாலு வரி எழுத ஒரு சாயங்காலம் பிடித்தது. ஆரோக்கியம்மாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை கீரமங்கலத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டை, திருச்சி, அங்கிருந்து அன்ரிசர்வ்டு பெட்டியில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு போனார்கள். மகளிடம் என்ன பேசுவது என்று ஞானமணி வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். தப்பு ஒன்மேல இல்லத்தா, என்மேலதான் என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் வரவில்லை.

பயிற்சி மையத்து வாசலை ஒட்டி, பார்வையாளர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அரை மணி நேரம் என்றார் காவலுக்கு நின்றவர். ஷீபா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கன்னம் ஒட்டி, கறுத்துப்போய், கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. பெஞ்சில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, அம்மா டப்பாவில் கொண்டுவந்திருந்த பொருவிளங்கா உருண்டை ஒன்றை எடுத்து மென்றாள். இரண்டாவதைக் கடித்தாள். அது கையில் இருக்கும்போதே ஆரோக்கியம்மாள் தோளில் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

ஞானமணி திகைத்துப்போனார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வந்தது இதற்கா? எழுப்பலாமா என்று கையை எடுத்தார். ஆரோக்கியம்மாள் கண்ணாலேயே அதட்டினாள். அவள் தோளை அசைக்கவில்லை, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். ஞானமணி பிள்ளையின் கையிலிருந்த உருண்டையை மெல்ல எடுத்து டப்பாவில் வைத்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அவர் கையில் இருக்கிற அதே இடங்களில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாக இருந்தார். பத்து நிமிசம் போனது, இருபது நிமிசம் போனது. ஒரு வருசத்தில் முதல் தடவையாக மூன்று பேரும் ஒரே இடத்தில் சும்மா இருந்தார்கள். அந்தத் தூக்கத்தை எழுப்பிப் பேசுகிற அளவுக்குத் தன்னிடம் பெரிய பேச்சு எதுவும் இல்லை என்று அவருக்குப் பட்டது.

நாலைந்து நிமிசம் பாக்கி இருக்கும்போது அவளே விழித்தாள். "அய்யோ, தூங்கிட்டேனா?" என்று பதறினாள்.

"தூங்குனா என்ன இப்ப" என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் ஞானமணிக்கு மறந்துபோனது. "நான் ஸ்குரூவ வாயில வைக்கிறதில்லத்தா இப்ப" என்றார், சம்பந்தமில்லாமல். "இருவத்தேழு நாளாச்சு. மூடியில போடுறேன். பெரியகருப்பன் பல்லு வலியாங்குறாரு."

ஷீபா அவரையே பார்த்தாள். "ஒரு தடவகூட மறக்கலையாப்பா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "நாலு தடவ மறந்தேன். ஒரு தடவ முழுங்கவே பாத்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இது? யாரு எண்ணப் போறாங்க அங்க?"

"யாரும் எண்ணல. நீ ஒத்தையா கஷ்டப்படக் கூடாதுல்ல."

காவலர் கதவில் தட்டினார். ஷீபா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆரோக்கியம்மாளின் கை, கடிதம் இருந்த மஞ்சள் பையின் மேல் இருந்தது. இதோ கேட்கப் போகிறாள் என்று ஞானமணி காத்திருந்தார். ஷீபா அந்தப் பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"அந்த மூடியப் பெட்டி மேல வைக்காதீங்கப்பா, சரியும். அடியில காந்தத் துண்டு ஒண்ண ஒட்டிருங்க. கழட்டும்போதே எண்ணுங்க" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம பேசுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். ஞானமணிக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை படிப்பை விடவில்லை, ஆரோக்கியம் நினைத்தபடியே நடந்துவிட்டது என்று சொல்லலாம் என்று திரும்பினார். ஆரோக்கியம்மாள் மஞ்சள் பையை மடியில் வைத்து முகத்தை அதில் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இந்த ஒரு மாதமாக அவள் அழுது அவர் பார்த்ததே இல்லை.

"ஏண்டி, நல்லதுதானே நடந்துருக்கு?"

"நல்லதுதாங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "கேட்டுருவா கேட்டுருவான்னு கடைசி வரைக்கும் பாத்தேன். அவ கட்டில்ல புதுப் போர்வை விரிச்சிட்டுத்தாங்க வந்தேன்."

ஸ்டேஷனுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஞானமணி கையைக் காட்டி அதைப் போகச் சொல்லிவிட்டார்.