இடது மூலை ஸ்டட்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். தோட்டத்து ருபார்ப் செடியில் சமையலுக்குத் தண்டு பறிக்கிற சாக்கில் வேலியோரம் அரைமணி நேரம் குனிந்திருந்தேன்.

"ஜூன் வெயிலில் குரோமியம் மின்ன..." என்று ஆரம்பித்தேன். (விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

2

பக்கத்து வீட்டு சிக்ஸ்டனின் மகள் இல்வா நாளை பள்ளி முடித்து, பள்ளி முடித்தவர்கள் இங்கே அணிகிற வெள்ளைத் தொப்பியோடு வெளியே ஓடி வருவாள். எங்கள் ஊர் ஃபாலுனின் தெருக்களில் ஊர்வலம் போக அவளுக்கு அப்பாவின் பழைய கார்தான் வேண்டும். அந்தக் காரின் முகப்பில் இருக்க வேண்டிய கம்பித் தட்டி, கிரில், இல்லை. பல்செட் கழற்றிய வாய்.

சிக்ஸ்டன் எங்கோ தேடி ஒரு கிரில் வாங்கிவிட்டார். அதன் முதுகில் நான்கு ஸ்டட்கள், மரை வெட்டிய ஆணிகள். அவற்றை உள்ளே வெளியே திருகி நீளம் சரிசெய்தால்தான் கிரில் சமமாக உட்காரும். இடது மூலை ஒரு விரல் துருத்தியது. முன்னால் ஒருவர் அழுத்த, பின்னால் ஒருவர் பார்க்க வேண்டும். இவரோ யாரிடமும் உதவி கேட்கிற ஆளில்லை. கேட்காமல் உதவிக்குப் போய் நிற்கிற வழக்கமும் இங்கே கிடையாது. ஆகவே நட்டை முறுக்கியே இழுக்கப் பார்த்தார். கிரில் முனகியது.

3

இல்வாவின் தொப்பியைக் கொடுக்க ஃபோல்கே வந்தார். இல்வாவின் அம்மாவை மறுமணம் செய்தவர். (இத்தனை நல்லவரை நீங்கள் நம்பமாட்டீர்கள். மூக்குறிஞ்சும் பழக்கம் ஒன்றைச் சேர்க்க... வேண்டாம்.) ஊர்வலத்தில் முன்னிருக்கையில் சிக்ஸ்டனும் ஃபோல்கேயும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது இல்வாவின் ஆசை. சிக்ஸ்டன் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.

"இன்னொரு சுத்து முறுக்கினா உடைஞ்சிடும்," என்றார் ஃபோல்கே.

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

பிறகு கால்மணி நேரம் ஃபோல்கே மேகங்களை ஆராய்ந்தார். கடைசியில் காருக்கு அடியிலிருந்து, முகம் காட்டாமல் ஒரு குரல்:

"ஃபோல்கே, அந்த மூலைய கொஞ்சம் பிடிக்கிறீங்களா? எனக்குக் கை எட்டல."

மூன்று முறை கழற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டட்டை இரண்டு மரை உள்ளே திருகி மறுபடி பொருத்தினார்கள். பேச்சு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை.

4

முடிவு அ: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (ஃபாலுனிலா? நல்ல வேடிக்கை.)

முடிவு ஆ: ஃபோல்கே சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார். அதுதான் நடக்க இருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். அப்போது சிக்ஸ்டன் என்னைப் பார்த்துவிட்டார்.

"அங்கிருந்தே பார்த்துச் சொல்லுங்க. நேரா இருக்கா?"

நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

"இல்லையே," என்றேன். "இடது பக்கம் இன்னும் துருத்துது."

ஃபோல்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இருவரும் மறுபடி நட்டைக் கழற்றத் தொடங்கினார்கள். அதன் பிறகு என்ன பேசினார்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். என் பங்குக்கு ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.