இரண்டு துண்டு பீட்சா

லோகநாயகிக்குச் சர்க்கரை வரப் பார்க்கிறது, எடையைக் குறைத்தாக வேண்டும் என்று டாக்டர் சாராள் சொன்ன அன்று, அவளைவிட அவள் கணவர்தான் அதிகமாகப் பயந்துபோனார். பக்தவத்சலத்தின் அம்மாவுக்குச் சர்க்கரையால்தான் கால் போயிற்று. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். இனி இந்த வீட்டில் அப்படி ஒன்று நடக்க விடமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நேராகச் சென்னைப் பாரிமுனைக்குப் போய், சாப்பாட்டை நிறுக்கிற ஒரு மின் தராசு வாங்கி வந்தார்.

கல்பாக்கம் ஆய்வு மையத்தில் கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில் அவருக்கு வேலை. அளவு என்றால் அவருக்கு உயிர். இணையத்தில் தேடித் தேடி, எந்தப் பண்டத்தில் எத்தனை கலோரி என்பதை மனப்பாடம் செய்துவிட்டார். லோகநாயகி தட்டைக் கையில் எடுத்தால் போதும்.

"ரெண்டு இட்லியா? நூத்தி இருபது. சட்னியில தேங்கா இருக்கே, அதுக்கு ஒரு அம்பது போட்டுக்கோ."

மூன்று வேளையும் இப்படித்தான். திட்டமாட்டார், கோபப்படமாட்டார். எண்ணை மட்டும் சொல்வார். அந்த எண் காதில் விழுந்ததும் வாயில் வைத்த கவளம் தொண்டையில் இறங்க மறுக்கும். நம் மேல் இருக்கிற அக்கறையில்தானே செய்கிறார் என்று லோகநாயகி தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு மென்று விழுங்குவாள். உண்மையிலேயே எடை குறைந்தது. மாதம் ஒருமுறை எடை பார்க்கும்போது பக்தவத்சலத்தின் முகம் பூரித்துப்போகும்.

அந்தச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற இன்னொருத்தியைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. ஸ்வாதி பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண். கொஞ்சம் இளைத்திருந்தாள். வளர்கிற வயசு, படிப்புச் சுமை, டியூஷன் என்று லோகநாயகி காரணம் வைத்திருந்தாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டப்பா தினமும் காலியாகத்தானே திரும்பி வருகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதிக்குப் பிறந்தநாள் வந்தது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெள்ளைக்காரர்கள் வருகிற பீட்சாக் கடைக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அழுது அடம் பிடித்தது லோகநாயகிக்கு நினைவிருந்தது.

"இந்த வருஷம் அங்க போலாமா?"

"வேணாம்மா," என்றாள் ஸ்வாதி சட்டென்று. "உனக்குத்தான் ஆகாதே."

நமக்காக விட்டுக்கொடுக்கிறாளே என்று லோகநாயகிக்கு மனம் இளகிவிட்டது. கணவரிடம் பேசிச் சம்மதம் வாங்கினாள். சாயங்காலம் மூவரும் காரில் கிளம்பினார்கள்.

கடைக்காரர் ஜெரோம் அந்த ஊர்க்காரர்தான். கல் அடுப்பில் விறகு போட்டுத் தன் கையாலேயே பீட்சா சுடுவார். மாடியில், கடல் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார வைத்தார்.

"பாப்பாவுக்குப் பர்த்டேவா? அப்ப நம்மகிட்ட சொல்லிட்டீங்க இல்ல, வுடுங்க. சூப்பரா ஒண்ணு போட்டு எடுத்தாறேன்."

பீட்சா வந்தது. ஓரம் கருகி, நடுவில் சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணத்தில் லோகநாயகிக்கு நாக்கில் நீர் ஊறியது. ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

"லோகு, அது உனக்கில்ல," என்றார் பக்தவத்சலம். குரல் உயரவில்லை. "ஒரு துண்டே முந்நூறு. மைதா, சீஸ், எண்ணெய். நாலு மாசமா பட்ட பாடெல்லாம் இன்னிக்கே போயிடும். உனக்கு சாலட் சொல்லியிருக்கேன்."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லோகநாயகி துண்டைத் திரும்ப வைத்தாள். விரல்களில் ஒட்டிய சீஸைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டாள். முகம் சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மகளைப் பார்த்தாள்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்வாதி தன் துண்டைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டியதைத் தட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள். ஒன்றை வாய்வரை கொண்டு போனாள், அப்பா கடலைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் கை மடிக்கு இறங்கியது. மடியில் விரித்த காகிதத்தில் விழுந்தது. மறுபடியும் வாய், மறுபடியும் மடி. பழகிப்போன கை. அவள் கையை உயர்த்தியபோது வளையல் நழுவி முழங்கை வரைக்கும் போயிற்று.

"ஸ்வாதி..." என்று ஆரம்பித்தாள் லோகநாயகி.

"வாஷ் பேசின் எங்க இருக்குன்னு பாத்துட்டு வரேன்," என்று காகிதத்தைக் கசக்கிக்கொண்டு ஸ்வாதி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. நாற்காலியைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடிக்க, அப்படியே சரிந்து விழுந்தாள். கையிலிருந்த காகிதம் பிரிந்து பீட்சாத் துணுக்குகள் தரையெல்லாம் சிதறின.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சு பாப்பாவுக்கு?" என்று ஜெரோம் ஓடி வந்தார். தலையை நிமிர்த்தித் தண்ணீர் தெளித்தார்கள். ஸ்வாதி கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது, நெற்றியில் வியர்வை. ஜெரோம் கீழே இறங்கி ஓடி, சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு கொண்டு வந்தார்.

"இத்தக் குடிம்மா. ஒரே மடக்கா குடி, செரியாப் பூடும்."

தம்ளர் உதட்டில் பட்டதும் ஸ்வாதி பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"குடிடா கண்ணு," என்று கெஞ்சினாள் லோகநாயகி.

"எவ்ளோ சர்க்கரை போட்டிருக்கு?" என்று கேட்டாள் ஸ்வாதி. குரலே எழவில்லை, ஆனாலும் கேட்டாள். "எவ்ளோ கலோரி? சொல்லுங்க. சொன்னாத்தான் குடிப்பேன்."

லோகநாயகி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பக்தவத்சலம் கையில் கார்ச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அந்த எண் அவருக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. சொல்ல முடியாமல் வாயைத் திறந்து மூடினார்.

பக்தவத்சலம் காரைக் கல்பாக்கத்துக்குத் திருப்பினார். பின் இருக்கையில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் லோகநாயகி. முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. தளர்வான சுடிதாருக்குள் இத்தனை நாளும் இது மறைந்திருந்திருக்கிறது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் கூட்டம் நெரிய, பக்தவத்சலம் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்தது டாக்டர் சாராள்தான். ட்ரிப் ஏற்றினார். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஸ்வாதியோடு வெகு நேரம் பேசினார். மதியச் சாப்பாடு மாதக்கணக்கில் தோழிகளின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. மாதவிலக்கு நின்றே மூன்று மாதம் ஆகியிருந்தது.

தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பக்தவத்சலம் படபடத்தார். "நான் அவள ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா லோகு? நீயே சொல்லு. சாப்பிடாதன்னு என்னிக்காவது சொன்னேனா?"

"அவகிட்ட சொல்லல. என்கிட்ட சொன்னீங்க. மூணு வேளையும் சொன்னீங்க. அவ எதிர்ல உக்காந்து கேட்டுக்கினே இருந்தா."

"உனக்கு சர்க்கரை! கண்டுக்காம விட்டுடச் சொல்றியா? எங்க அம்மா கால..."

"தெரியும்ங்க. தெரிஞ்சதாலதான் இத்தன நாள் வாய மூடிக்கினு இருந்தேன். அதுவும் தப்புதான். அம்மாவே தலை குனிஞ்சுக்கினு சாப்பிட்டா, சாப்பிடறதே தப்புன்னுதான பொண்ணுக்குத் தோணும்?"

பக்தவத்சலம் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் வெளியே வந்ததும் லோகநாயகி நேராகக் கேட்டாள். "டாக்டர், இன்னிக்கு ஒரு துண்டு பீட்சா கையில எடுத்தேன். இவரு வேணாம்னாரு, வெச்சுட்டேன். அத நான் சாப்பிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சாராள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணும் ஆயிருக்காது. உங்களுக்குன்னு ஒரு நாளைக்கு ஒரு அளவு இருக்கு. ரெண்டு துண்டு அதுக்குள்ள தாராளமா அடங்கும். மதியம் கொஞ்சம் லேசா சாப்பிடுங்க, பீட்சாகூட நிறைய காய் வெச்சுக்கோங்க, ஒரு நடை போயிட்டு வாங்க. அதுக்காக தினமும் சாப்பிட்டா தாங்காது. எப்பவாவது சாப்பிட்டா ஒண்ணும் கெட்டுடாது. எதையும் தொடவே கூடாதுன்னு நான் சொல்லலியே." பிறகு பக்தவத்சலத்தின் பக்கம் திரும்பினார். "சார், இனிமே அந்த வீட்ல சாப்பாட்டு நேரத்துல ஒரு நம்பர்கூடக் காதுல விழக் கூடாது. பொண்ணுக்கு வந்திருக்கறது சாதாரணப் பிடிவாதம் இல்ல, நோய். செங்கல்பட்டுல ஒரு மனநல டாக்டர் இருக்காங்க, எழுதித் தரேன். நாளைக்கே போங்க."

போனார்கள். வாரா வாரம் போனார்கள். ஆனால் மருந்து சாப்பிட்டால் காய்ச்சல் விடுகிற மாதிரி அது விடவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரு போராட்டமாக இருந்தது. அரை இட்லிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள் ஸ்வாதி. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டதில் சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. கூடவே உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள், வேறு ஏதாவது பேசுங்கள் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். என்ன பேசுவது? மாடி வீட்டுக்காரர் வாங்கிய வண்டியைப் பற்றி, மழையைப் பற்றி, பேசித் தீர்ந்துபோன விஷயங்களைப் பற்றியெல்லாம் லோகநாயகி பேசினாள். பக்தவத்சலம் தட்டைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார். தராசை அவரே ஆபீசுக்குக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நவம்பரில் ஒரு நாள், பால் தம்ளரை வைத்துக்கொண்டு அம்மாவும் பெண்ணும் மல்லுக்கு நின்றபோது ஸ்வாதி வெடித்தாள்.

"நீ மட்டும் எல்லாத்தயும் பாத்துப் பாத்துத் தின்னுவ. நான் மட்டும் வாரிப் போட்டுக்கணுமா? நீ சாப்பிடு பாக்கலாம். அன்னிக்குத் திரும்ப வெச்சியே, அந்தப் பீட்சாவச் சாப்பிடு. அப்பா முன்னாடி சாப்பிடு!"

"சாப்பிடறேன்," என்றாள் லோகநாயகி. "சனிக்கிழம சாப்பிடறேன். நீயும் உக்காரு. சாப்பிடறதும் சாப்பிடாததும் உன் இஷ்டம்."

சனிக்கிழமை புதுப்பட்டினம் பேக்கரியில் பீட்சா ரொட்டி வாங்கி வந்தாள். குடைமிளகாய், வெங்காயம், தக்காளி நறுக்கினாள். மதியம் கீரையும் சுண்டலும் மோருமாக முடித்துக்கொண்டு, சாயங்காலம் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்தாள். தனக்காகத்தான் நடந்தாள். யாரும் சொல்லவில்லை. வந்து, சீஸைத் துருவித் தாராளமாகவே தூவினாள். அடுப்பை மூட்டினாள். ஒரு பெண்பிள்ளை சாப்பிடுவதும் சாப்பிடாததும் தன் இரண்டு துண்டில் வந்து நிற்கிறதே என்று பயமாக இருந்தது.

மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பீட்சா, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெள்ளரிக்காயும் கேரட்டும். லோகநாயகி ஒரு துண்டை எடுத்தாள்.

பக்தவத்சலத்தின் உதடு அசைந்தது. "லோ..." என்றார்.

ஸ்வாதியின் தலை சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. மேசைக்கடியில் அவர் தன் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதை லோகநாயகி பார்த்தாள். மனிதர் தன் அம்மாவின் போன காலைத்தான் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"லோகு, அந்த... தண்ணி ஜாடிய இப்படித் தள்ளு," என்றார் அவர். ஊற்றிக் குடித்தார். பிறகு தானும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

லோகநாயகி சாப்பிட்டாள். இன்னிக்கு ஒரு நாள்தானே என்று சொல்லவில்லை. நாளைக்குக் குறைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. சீஸ் நூலாக இழுத்தபோது விரலால் சுற்றி வாயில் போட்டுக்கொண்டாள். மாடி வீட்டுக்காரரின் வண்டி அன்றைக்குக் காலையில் கிளம்பாமல் தெருவையே எழுப்பிவிட்ட கதையைச் சொன்னாள். முதல் துண்டு முடிந்தது, இரண்டாவதை எடுத்தாள். நிறைய வெள்ளரிக்காயோடு அதையும் முடித்தாள். வயிறு நிறைந்தது. போதும் என்று தோன்றியது, நிறுத்திக்கொண்டாள். அடுத்த மாதம் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது தெரியாது. தெரியாமலேதான் சாப்பிட்டாள்.

ஸ்வாதி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயாவது கண் தாழ்கிறதா, முகம் மாறுகிறதா என்று தேடுகிற பார்வை. வெகு நேரம் கழித்துக் கையை நீட்டி, இருப்பதிலேயே சின்னத் துண்டை எடுத்தாள். வெட்டவில்லை. முனையைக் கடித்தாள். மென்றாள். விழுங்குவதற்குள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இன்னொரு கடி. பாதியில் நிறுத்தினாள்.

"என்ன?" என்றாள் லோகநாயகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"காரமே இல்லம்மா," என்றாள் ஸ்வாதி, மூக்கை உறிஞ்சியபடி. "சப்புன்னு இருக்கு."

சாப்பாட்டின் ருசியைப் பற்றி அவள் குறை சொல்லிக் கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. லோகநாயகி எழுந்து, மிளகாய்த்தூள் டப்பாவை எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.