பன்னிரண்டாவது பிணம்

இருபத்திரண்டு வருஷமாக உசுமாசா ஸ்டுடியோவின் சாமுராய்ப் படங்களில் வெட்டுப்பட்டுச் சாவதுதான் என் பிழைப்பு. இந்தப் படத்தில் எங்கள் கம்பெனி நட்சத்திரம் செகாவா ஐயா வெட்டிச் சாய்க்கும் பன்னிரண்டாவது ஆள் நான். எதிர்க் கம்பெனி நட்சத்திரம் தொக்கிதாவுக்கும் சரியாகப் பன்னிரண்டு. ஒரு தலை கூடினாலும் ஒப்பந்தம் கிழிந்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்து நடிக்கும் முதல் படமாயிற்றே, ரோஷத்துக்கு என்ன குறைச்சல்.

கடைசிச் சண்டையில் யாரும் தோற்கக் கூடாது. ஒரே நொடியில் இருவர் வாளும் மற்றவர் கழுத்தருகே வந்து நிற்க வேண்டும். செகாவா ஐயா நடிப்பது குருட்டுப் பாடகனாக. நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணைத் திறந்துகிட்டு குருடனா நடிக்கிறவன் திருடன்டா மொசுகே" என்பார் என்னிடம். நாங்கள் வெட்டு வாங்கப் போகும்போது வைக்கோல் செருப்பை ஒருமுறை தரையில் தேய்ப்போம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் வாள் வீசுவார்.

போன கோடைக் காய்ச்சலில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். கண் திறந்திருந்தால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பார். சண்டையில் நான் தரைப் பலகை அதிர மிதிப்பேன், அந்த அதிர்வைப் பாதத்தால் வாங்கிக்கொள்வார். "வெளியே தெரிஞ்சா அன்னிக்கே என்னைப் புதைச்சிடுவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் மனுஷர்.

இன்றைக்குப் பார்த்துப் பனிக்காட்சி. பனிக்குப் பதிலாக நாலு விரற்கடை உயரம் உப்பைக் கொட்டியிருந்தார்கள். யானை மிதித்தாலும் அதிராது. தொக்கிதாவோ காலைத் தேய்க்கிற ஆள் இல்லை, பூனை மாதிரி வருவார். முனை மழுங்கிய இரும்பு வாள்தான், ஆனால் தொண்டைக்கு அது தெரியுமா? ஒத்திகையிலேயே ஐயாவின் காது மடல் கீறி ரத்தம் வந்தது.

"கனவு கண்டுட்டிருந்தீங்களா, செகாவா அண்ணே?" என்றார் தொக்கிதா. ஐயா சிரித்து மழுப்பினார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு இந்த இடமே கைமாறுகிறது, இன்று விட்டால் படம் இல்லை. நான் ஐயாவின் காலடியில் செத்து விழுந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒரே சட்டம்: செத்தவன் அசையக் கூடாது. நான் அசைந்தேன். தொக்கிதா வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஐயாவின் கணுக்காலை அழுத்தினேன். மூன்றாவது அழுத்தலில் இரண்டு வாளும் கழுத்தில் வந்து நின்றன. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"எந்தப் பிணம்டா கையை ஆட்டினது?" என்று கத்தினார் டைரக்டர் நிஷிவாகி. "அவனைத் தூக்கிட்டு வேற ஆளைப் படுக்க வை."

என் உயிர் போய்விட்டது. வேறு ஆள் படுத்தால் ஐயா தொண்டையைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். உண்மையைச் சொன்னாலும் அவர் கதை முடிந்தது.

"தப்பு என்னுது" என்றார் தொக்கிதா. "பிணத்தோட கையை மிதிச்சிட்டேன். அவனே கிடக்கட்டும்."

தப்பை ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லாத ஆள் அவர். டைரக்டர் இன்னொரு டேக் என்று கையசைத்தார். உப்பைச் சமப்படுத்தினார்கள். தொக்கிதா குனிந்து, கழன்ற செருப்புக் கயிற்றைக் கட்டுவது போல, ஐயாவின் ஆடை விளிம்பை இழுத்து என் கைமேல் மூடினார். பிறகு நிமிர்ந்து ஐயாவின் முகத்துக்கு நேராக நின்று உதட்டை அசைத்தார். காலடியில் கிடந்த எனக்கே சத்தம் கேட்கவில்லை. உதட்டைத்தான் படித்தேன்.

"மூணாவது அடி. உங்க இடது பக்கம். அவசரமில்ல அண்ணே."

ஐயா கண்ணை மூடினார்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதற்கு அழுத்தினேன். இரும்பு இரண்டும் காற்றைக் கிழித்து அப்படியே நின்றன.

"போதும், ஓகே" என்றார் நிஷிவாகி.

எல்லோரும் கைதட்டினார்கள். ஐயா கண்ணைத் திறக்காமலே, தொக்கிதா நின்ற பக்கம் இடுப்பு மடங்கக் கும்பிட்டார். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து கொண்டிருந்தது.

"எந்திரிடா, முடிஞ்சுது" என்று பக்கத்துப் பிணம் என்னை உதைத்தான். "என்ன, அழறியா?"

"உப்புடா" என்றேன். "கண்ணுல பட்டுடுச்சு."