விரிப்பை உருவும் வரை

கல்லறைத் திருநாளுக்கு முந்தின இரவில் செத்தவர்களுக்கு மேசையில் விரிப்பு விரித்துச் சாப்பாடு வைப்பது இத்தாலியின் போ ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. விடிந்ததும் விரிப்பை எடுத்துவிட வேண்டும். அது கிடக்கும் வரை வந்தவர்கள் போக மாட்டார்கள். ஒனோரினா அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து வந்தால், பிப்ரவரியில் புதைத்த புருஷன் எஜிதியோ, கல்யாணக் கோட்டும் காதில் மண்ணுமாகச் சோளக்களி தின்றுகொண்டிருந்தான்.

“உப்பு கம்மி,” என்றான்.

“செத்தும் உனக்கு நாக்கு அடங்கல பாரு!”

உடனே விரிப்பை உருவியிருக்கலாம். ஆனால் அவன் முதலில் அவள் கோப்பையில் ஒயின் ஊற்றினான். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் செய்யாத காரியம். பாவி மனுஷனுக்கு இப்போதா புத்தி வரவேண்டும்? அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை அவளுக்கும் லெயார்கோவுக்கும் கல்யாணம். இத்தனை வயதுக்குப் பிறகு அவளைச் சிரிக்க வைத்தவன். நேற்று மாலை விலாங்கு பிடிக்கப் படகெடுத்துப் போனவன், இன்று சாப்பாட்டு வேளைக்குச் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

“என்னய்யா இது கோலம்?”

“மூடுபனியில படகு கவுந்துடுச்சு. விடு, வந்துட்டேன்ல!” பிறகுதான் எஜிதியோவைப் பார்த்தான். “அடேய், சீட்டுல ஏமாத்துனது பத்தாதா? என் நாற்காலியும் வேணுமா?”

“என் நாற்காலி,” என்றான் எஜிதியோ.

லெயார்கோ எதிரே உட்கார்ந்தான். களியைத் தொடவில்லை. “ஒனோரினா, அவனா நானா? துணிய உருவு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு உருவினாள். தட்டுகள் உடைந்தன. எஜிதியோ எழுந்து, கோட்டைச் சரிசெய்து, வாசலை நோக்கி நடந்தான். நெஞ்சு வலித்தாலும் நிம்மதியோடு லெயார்கோ பக்கம் திரும்பினாள்.

அவனும் எழுந்துவிட்டிருந்தான்.

“நான் ஏன் எந்திரிக்கிறேன்?” என்றான். கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. “ஒனோரினா, என்னைப் பிடிச்சுக்கோ!”

பிடித்தாள். கை ஆற்றுத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. ஐயோ என்று அலறி, விரிப்பைத் தலைகீழாக மேசையில் விசிறினாள்.

“உக்காருங்க! ரெண்டு பேருமே உக்காருங்க!”

எஜிதியோதான் முதலில் திரும்பி வந்தான். “உப்பு,” என்றான்.

உப்பை வைத்துவிட்டு, ஒரு கையால் லெயார்கோவின் ஈரக் கையையும் மறு கையால் விரிப்பின் நுனியையும் அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். வெளியே, லெயார்கோவை ஆற்றில் தேடப் போனவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவைத் தட்டினார்கள். அவள் திறக்கவில்லை.