ரெண்டு ரிங்கு

2007 மாசியில் கண்ணாயிரம் முந்நூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு, குமராட்சியைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம் அறுத்த வயல்களில் மேய்த்து வந்தார். அந்தப் பக்கம் செல்போன் சிக்னல் ஒரே ஒரு பனைமரத்தடியில், முறத்தகலத்துக்குத்தான் இருந்தது. இடது காலைக் கொஞ்சம் நகர்த்தினால் சிக்னல் ஆற்றைத் தாண்டி அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும். முன்னாலேயே போய் இடம் பிடித்து வைக்க ஒரு கிழட்டு வாத்தைப் பழக்கியிருந்தார்.

போனுக்குச் சார்ஜ் போட எட்டு மைல் நடக்க வேண்டும். அதனால் கடலூரில் வேலை பார்க்கும் மகள் எழிலரசியோடு ஓர் ஏற்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ரிங்கு விட்டுக் கட் செய்தால், நல்லா இருக்கேன் என்று அர்த்தம். ரெண்டு ரிங்கு என்றால் ஆபத்து, உடனே கூப்பிடு. அவளும் பதிலுக்கு ஒரு ரிங்கு விடுவாள்.

நாற்பது நாள் இரண்டு பேரும் நல்லாவே இருந்தார்கள். மகளின் குரல் அவருக்கு மறந்துகொண்டே வந்தது.

நாற்பத்தோராம் நாள் ரெண்டு ரிங்கு விட்டார்.

உடனே போன் அலறியது. "அப்பா! என்னாச்சுப்பா?"

"ஒன்னுமில்லம்மா. கிழட்டு வாத்து மூணு நாளா முட்டை போடல. கேட்டா பதிலும் சொல்ல மாட்டேங்குது."

"இதுக்கா ரெண்டு ரிங்கு? உயிரே போயிடுச்சுப்பா!" கட் செய்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு, அவர் பட்டனை அழுத்துமுன்னே போன் அடித்தது. ஒரு ரிங்கு. இன்னொரு ரிங்கு. நின்றுவிட்டது.

பதறிப்போய்க் கூப்பிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"ஒன்னுமில்லப்பா. அது முட்டை போட்டுச்சா?"

கண்ணாயிரம் இடது காலை அசைக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.